பின் சீட்டு இருந்த இடம்

பின் சீட்டைக் கழற்றுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பழைய புல்லட். ஒவ்வொரு நட்டும் அடம் பிடித்தது. அவள் வீட்டுக்காரரின் வண்டி வேறு எப்படி இருக்கும்?

சீட்டைத் துடைத்துப் பரணில் போட்டாள். அதில் உட்கார்ந்து அவரோடு போகாத ஊர் இல்லை. ஒருபக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு, அவர் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு.

பக்கவாதம் வந்து அவருடைய அந்தத் தோளும் காலும் விழுந்துவிட்டன.

திங்கட்கிழமை முதல் தானே வண்டியை ஓட்டிக் கடைகளுக்கு இட்லி மாவு கொண்டுபோய்ப் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். மாவுப் பெட்டிகளை ஏற்றக் கேரியர் வேண்டும். வெல்டரின் பெண்டாட்டி அதற்குப்போய் இன்னொருத்தர் பட்டறை வாசலில் நிற்பதா? வெட்கக்கேடு.

உடைந்த இரும்புக் கட்டிலை அறுத்தாள். ஒரு சட்டம், குறுக்கே கம்பிகள், கீழே நாலு கால்.

அவள் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க அவர் வைத்த கம்பித் தடுப்பு இடைஞ்சலாக இருந்தது. அதை அறுக்க மட்டும் மனம் வரவில்லை. கேரியரின் காலை அதைச் சுற்றி வளைத்துவிட்டாள்.

இனி அதை வண்டியோடு போல்ட் போடுவதா, பற்றவைப்பதா?

அங்கேதான் கை நின்றது.

போல்ட் போட்டால் ஒருநாள் கழற்றலாம். கேரியர் இறங்கும், சீட்டு ஏறும், அவர் முன்னால் உட்கார்ந்து கிக்கரை உதைப்பார்.

அவர் இனி எழுந்து நடக்க வழியில்லை என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவள் அதை அவரிடம் சொல்லவில்லை.

மாவுப் பாரத்துக்கும் இந்த ஊர் ரோட்டுக்கும் போல்ட் தாங்காது. ஆடி ஆடிக் கழன்றுவிடும். அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

பெட்ரோல் டேங்க்கைக் கழற்றித் தூரமாக வைத்தாள். பாட்டரி ஒயரைப் பிரித்தாள். உள்ளே படுத்திருந்த அவர் கண்ணை வெளிச்சம் கூசாமலிருக்கக் கட்டிலோரத்து ஜன்னலைச் சாத்தினாள். மிஷினைப் போட்டாள்.

இத்தனை வருஷம் அவருக்குக் கம்பி பிடித்துக் கொடுத்த கை. நாலு காலும் வண்டியோடு வண்டியாகப் பிடித்துக்கொண்டன.

வெல்டிங் முகமூடிக்குள் அழுவது சௌகரியமாக இருந்தது.

முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். அவர் விழித்துத்தான் இருந்தார். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"நா எந்திரிச்சா நீ எங்க உக்காருவ, பவுனு?"

குழறிய பேச்சுதான். கேள்வி தெளிவாக இருந்தது.

"போல்ட்டுதானுங்க போட்டிருக்கறேன். நெனச்சா கழட்டிக்கலாம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சம் நிற்கும். சத்தம் நிற்குமா? நெடி நிற்குமா? அதிலேயே ஆயுளைக் கழித்த மனுஷனிடம் போய் இப்படி ஒரு பொய்.

அவர் கேரியரின் கால்களைப் பார்த்தார்.

"அப்ப எண்ணெய் உட்டு வையி. துருப் புடிச்சா கழட்ட வராது."

அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்தாள். போல்ட்டே இல்லாத மூலையில் குனிந்து ஒரு சொட்டு விட்டாள்.

இரும்பு இன்னும் ஆறவில்லை. எண்ணெய் பட்டதும் புகைந்தது.

அவள் நிமிரவில்லை. புகை மெல்ல ஜன்னல்வரை போயிற்று.

"அந்தப் பக்கமும் உடு" என்றார் அவர்.