மேகலையின் கடைசி ஓட்டம்

திருப்பூர்க் கடையில் விற்பனைக்காரி ஜரினா, பூங்கோதை கொண்டுவந்த பழைய ஸ்போர்ட்ஸ் பிராவின் பட்டையை இழுத்துவிட்டாள். இழுத்த இடத்திலேயே தொங்கியது.

“எலாஸ்டிக் செத்துப்போச்சுங்க்கா. இதோட ஓடுனா தோள் போயிரும். பழசைக் குடுங்க, புதுசு பாதி விலைக்குத் தர்றேன்.”

“பழசு தரமாட்டேன். பாதி விலையை மட்டும் வெச்சுக்கலாம்,” என்றாள் பூங்கோதை.

“நல்லா இருக்குதுங்க்கா நாயம்.”

பூங்கோதையும் தங்கை மேகலையும் ஆளுக்கொன்றாக வாங்கிய ஜோடியில் ஒன்று அது. போட்டுக்கொண்டு ஓடும்போது ஒருத்தியின் இதயத்துடிப்பு மற்றவளின் விலாவில் தட்டும். மேகலை இறந்த பிறகும், பூங்கோதைக்கு உடம்பு சூடேறினால், தங்கையின் கடைசி ஓட்டத்தின் துடிப்பு அந்தத் துணியில் தட்டியது. வெந்நீர் பட்டால் அழிந்துவிடும். இரண்டு வருஷமாகப் பச்சைத்தண்ணீரில் அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்தினாள்.

“துடிப்பைப் புதுசுக்கு மாத்த முடியுமா?”

“அது அந்தத் துணியோடதானுங்க்கா.”

பேரம் பேசியே வளர்ந்த பூங்கோதை, பழையதைக் கொடுக்காமல் முழு விலைக்குப் புதியதை வாங்கினாள்.

மறுநாள் காலை புதியதைப் போட்டு, அதன்மேல் தொளதொளத்த பழையதையும் மாட்டிக்கொண்டு ஓடினாள். இடையில் துணி தடுத்ததால் துடிப்பு மங்கலாகத் தட்டியது, மேகலை பத்தடி பின்தங்கிவிட்டதுபோல.

பூங்கோதை வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.