சும்மா வரும் கட்டுத்துணி

போர் நடக்கும் ஊருக்கு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் நர்ஸ் எஸ்தர், ரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணியைப் பையின் வெளி அறையில்தான் வைப்பாள். உள்ளே கிடக்கும் டார்ச் லைட்டுக்கு அது பொறுக்காது.

“நான் உழைச்சு ஓய்ஞ்சு திரும்புறேன். நீ உறைகூடப் பிரிக்காம சும்மா வந்து சும்மா போறே. உனக்கு முன்வரிசை வேறயா?”

“சும்மா திரும்பினா நல்லதுதானே, அண்ணே” என்றது கட்டுத்துணி.

ஒரு பயணத்தில், அவள் இருந்த பதுங்குகுழிமேல் குண்டு விழுந்தது. இருட்டில் எஸ்தரின் கை முதலில் தேடியது வெளி அறையை. அப்புறம்தான் டார்ச்சை எடுத்தாள். அவள் தொடையில் இறுகியிருந்த துணியில் சிவப்பு பரவிப் பரவி, ஒருவழியாக நின்றதை டார்ச் பார்த்தது.

காயம் ஆறியதும் எஸ்தர் மறுபடி பையை அடுக்கினாள். வெளி அறைக்குப் புதுக் கட்டுத்துணி வந்தது.

“அண்ணே, அங்கே எனக்கு என்ன வேலை?”

“சும்மா வா, சும்மா திரும்பு” என்றது டார்ச். “அது போதும், தம்பி.”