ஒரு செட், ரெண்டு வீடு

“ஒரு செட்டை ரெண்டாப் பிரிச்சா குடுப்பாங்க? ஒங்களுக்கு வெவஸ்தையே கெடையாதா?”

கேட்டது தாஹிரா, தன் புருஷன் சௌகத் அலியிடம். குவைத்திலிருந்து இரண்டு வருடம் கழித்து லீவில் வந்த மனுஷன், மீன் குழம்பே கதி என்று குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவர் கொண்டுவந்தது டிவியில் போட்டு விளையாடும் ஒரு விளையாட்டு. வெளிச்சம் வருகிற ஒரு தட்டு, கூடவே பன்னிரண்டு குட்டிப் பொம்மைகள். எந்தப் பொம்மையைத் தட்டின்மேல் வைக்கிறோமோ, அது டிவிக்குள் உயிரோடு எழுந்து ஓடும், குதிக்கும், சண்டை போடும். தட்டு இல்லாவிட்டால் பொம்மை சும்மா. பொம்மை இல்லாவிட்டால் தட்டு சும்மா.

தட்டைப் பெரிய தங்கச்சி சைதூனின் மகன் வாஜித்துக்குக் கொடுத்தார். பொம்மைகளைச் சின்னத் தங்கச்சி முஹ்சினாவின் மகன் ஃபயாஸுக்குக் கொடுத்தார். பங்காளிகள்கூட இப்படிப் பாகம் பிரித்திருக்க மாட்டார்கள்.

மறுநாளே பேகம்பூரிலிருந்து சைதூனின் போன்.

“மதினி, தட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரியுது. பொம்மையை வை, பொம்மையை வைன்னு டிவி கேக்குது. நான் எதை வைக்க? இட்டிலியவா?”

அரை மணி நேரத்தில் நாகல் நகரிலிருந்து முஹ்சினா.

“பன்னெண்டு பொம்மையும் வரிசையா நின்னு என்னைய மொறைக்குது மதினி. ஃபயாஸு அழுகைய நிறுத்தல. எங்க அண்ணன் இப்படிப்பட்ட ஆளே கெடையாது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காக.”

அந்த ‘யாரோ’ யார் என்று தாஹிராவுக்குத் தெரியாதா? வாக்கப்பட்டு வந்த பதினாலு வருடமாகப் பார்க்கிறாள். நல்லது செய்தால் அண்ணன், குறை வைத்தால் மதினி. இவர் ஒரு மாதத்தில் விமானம் ஏறிவிடுவார். கெட்ட பேரோடு இந்த ஊரில் இருக்கப்போவது அவள்தான்.

“இன்னொரு செட்டு வாங்கியாச்சும் குடுத்துத் தொலைங்க.”

“கெடைக்காது தாஹிரா. கம்பெனிக்காரன் இதைப் போடுறதையே நிறுத்திட்டான். அங்க நான் வேலை பாக்குற கடையில தள்ளுபடியில கெடந்துச்சு.”

“தள்ளுபடியிலயா? அதுலயும் பாதியா?”

சௌகத் அலி கை கழுவ எழுந்துவிட்டார்.

இதில் இன்னொரு சங்கடம். அக்காவும் தங்கையும் பேசி ஒன்றரை வருடமாகிறது. சைதூன் புது வீடு குடிபோன பத்திரிகையில் முஹ்சினா வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போனது. அச்சடித்தவர் விட்டுவிட்டார் என்று சைதூன் சொல்லிப் பார்த்தாள், முஹ்சினா நம்பவில்லை. அன்றிலிருந்து ஒருத்தி வரும் விசேஷத்துக்கு இன்னொருத்தி வருவதில்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு ரோஷம் ஏது? நாலு நாள் சோறு தண்ணி இல்லாமல் அடம்பிடித்தான் ஃபயாஸ். முஹ்சினா வேறு வழியில்லாமல் பொம்மைகளைக் கட்டைப்பையில் போட்டு, அவனை தினமும் பேகம்பூருக்குக் கூட்டிப்போனாள். அவனை உள்ளே அனுப்பிவிட்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாளாம். மூன்றாம் நாள் வாஜித் ஓடிவந்து, “சின்னம்மா, டீ ஆறுதுன்னு அம்மா கூப்புடுறாக” என்றானாம்.

லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள் இரண்டு பேரும்.

“ஏண்ணே, சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்குறதுலயா கஞ்சத்தனம்?” என்று ஆரம்பித்தாள் சைதூன்.

“தெனம் பொம்மைய மூட்டை கட்டிக்கிட்டு நான் அலையணுமா?” என்றாள் முஹ்சினா.

“வெயில்ல அலைஞ்சு அவ மொகத்தைப் பாருண்ணே, எப்படிக் கறுத்துப் போச்சு!”

“நீ கத்தாதக்கா, ஒனக்கு பிரஷர் ஏறிரும். நான் கேக்குறேன்.”

சௌகத் அலி தலை குனிந்தபடி அத்தனையையும் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற தாஹிராவுக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. போகும்போது இரண்டு பேரும் அவளை ஒரு பார்வை பார்த்தார்கள்.

“வாரோம் மதினி.”

அந்த ‘மதினி’யில் எல்லாம் இருந்தது.

பொங்கிவந்த ஆத்திரத்தைப் பயணத்துக்கு மூட்டை கட்டுவதில் காட்டலாம் என்று, கட்டிலுக்கு அடியிலிருந்து அவருடைய பெட்டியை இழுத்தாள். கனத்தது. திறந்தாள். மேலே இரண்டு துண்டு. அதை எடுத்தால், பிரிக்காத உறையோடு ஒரு தட்டு. அதன் பக்கத்தில் பன்னிரண்டு பொம்மைகள்.

நிமிர்ந்தபோது அறை வாசலில் சௌகத் அலி நின்றிருந்தார்.

“ரெண்டு செட்டு வாங்கினீங்களா?”

“ரெண்டு தங்கச்சில்ல எனக்கு?”

“அப்ப ஆளுக்கு ஒண்ணு முழுசாவே குடுத்திருக்கலாம்ல?”

“குடுத்திருந்தா அவுகவுக வீட்டுலயே ஒக்காந்து வெளையாடியிருப்பாக.”

தாஹிராவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனுஷனையா ஒரு மாதமாகக் கரித்துக் கொட்டினோம்!

அப்போது போன் அடித்தது. சைதூன்தான். ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே, “கேளுக்கா, கேளு” என்று முஹ்சினா கிசுகிசுப்பதும் கேட்டது.

“மதினி, மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல, கேட்டுர்றோம். செட்டைப் பிரிச்சுக் குடுக்கச் சொன்னது நீங்கதான?”

தாஹிரா பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“ஆமா” என்றாள். “நான்தான் சொன்னேன்.”