சத்தமில்லாத பாதை

ஆற்றங்கரைப் புல்லில் மல்லாந்து படுத்திருந்தார் உஷ். தலைக்கு மேல் மரப்பாலம், அதற்கும் மேல் இலை இடுக்கில் கொஞ்சம் வானம். ஈ காக்கை இல்லை. இப்படி ஓர் இடத்துக்காகத்தான் அவர் வாரம் தவறாமல் சைக்கிளை மிதித்தார்.

ஆனால் இன்று ரசித்துக்கொண்டு படுத்திருக்கவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சைக்கிள் சரிவில் உருண்டுபோய் ஆற்றுக்குள் கிடந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாத இடம் என்பதால்தான் இந்தப் பள்ளத்தாக்கின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை.

உஷ் என்பது அவர் காதுபடாமல் ஊர் வைத்த பெயர். பஸ்ஸில் யாராவது இருமினால்கூடத் திரும்பி "உஷ்" என்பார். பத்திரிகையில் 'சத்தமில்லாத பாதைகள்' என்று வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். எந்தக் காட்டுப் பாதையில் நிழல் உண்டு, எந்த ஆற்றோரம் லாரி வராது என்று அவர் எழுத வேண்டியதுதான், மறு வாரமே அங்கே சந்தைக் கூட்டம். உடனே அந்தக் கூட்டத்தை, 'சைக்கிள் ஓட்டத் தெரியாத ஜென்மங்கள்' என்று திட்டி இன்னொரு கட்டுரை எழுதுவார். பத்திரிகை இரண்டையும் போடும்.

அந்த ஜென்மங்களில் முதலிடம் சொந்த மாப்பிள்ளைக்கு. அவர் சைக்கிளில் பள்ளிக்கூட மணி மாதிரி ஒன்று தொங்கும். அணில் குறுக்கே வந்தாலும் அடிப்பார், வராவிட்டாலும் அடிப்பார். மாமனார் எழுதுவதை ஒரு வரி விடாமல் படித்து, அதில் சொன்னபடிதான் சக்கரத்தைத் திருப்புவார். இப்படி ஒரு வாசகர் வீட்டுக்குள்ளேயே இருப்பது உஷ்ஷுக்குப் பெரிய தலைவலி.

இன்று காலையும் தானும் வரட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார்.

"தாராளமா வாங்க மாப்பிள்ளை. அந்த மணியக் கழட்டி வச்சிட்டு வாங்க. முடிஞ்சா வாயையும்."

மாப்பிள்ளை அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். மகளுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று விசாரித்தாள். காட்டுப் பக்கம் என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி அவர் வீட்டில்கூட மூச்சு விட்டதில்லை.

பத்திரிகையில் மட்டும் ஒரு தடவை வாயைத் திறக்க வேண்டி வந்தது. காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் கீழே இறங்கும் வழி எப்படி என்று யாரோ கேட்டிருந்தார்கள். பாலம் இடிந்து பல காலமாயிற்று, பாதையைப் புதர் மூடிவிட்டது, யாரும் இறங்க வேண்டாம் என்று பதில் போட்டார். ஊரார் பாதைகளையெல்லாம் அள்ளி இறைத்தவர், தன் பாதையை மட்டும் மடியில் முடிந்துகொண்டார்.

அப்படியும் மனசு அடங்குமா? இன்று பாலத்தை நெருங்கும்போது சேற்றில் ஒரு டயர் தடம் கண்ணில் பட்டது. எந்தக் கழுதை இங்கே வந்தது என்று குனிந்து பார்த்துக்கொண்டே மிதித்ததில், முன்சக்கரம் ஒரு வேரில் ஏறிக் கவிழ்ந்தது. உருண்டு வந்து விழுந்த பிறகுதான் தண்ணீரில் கிடந்த தன் டயரைப் பார்த்தார். அதே கோடுகள். போன வாரம் அவரே பதித்துவிட்டுப் போன தடம்.

கத்தினார். மதியம் வரை கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. வெயில் இறங்கியது. குளிர் எலும்புக்குள் ஏறியது. ராத்திரி முழுக்க இங்கே கிடந்தால் விடிவதைப் பார்க்க மாட்டோம் என்று புரிந்தபோது, வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சத்தத்தைத் திட்டியவர் யாருடைய சத்தமாவது கேட்காதா என்று அழுதார்.

அப்போது மேலே, பாதை பிரியும் இடத்தில், டணார் டணார் என்று மணி அடித்தது. சந்தேகமே இல்லை, மாப்பிள்ளையின் மணி. உஷ்ஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதைவிடப் பெரிய மணியாக வாங்கித் தருகிறேன் மாப்பிள்ளை என்று மனதுக்குள் சத்தியம் செய்தார்.

மேலே பேசுவது கீழே அட்சரம் பிசகாமல் கேட்கும் பள்ளத்தாக்கு அது. மகளின் குரல் முதலில் வந்தது.

"வழியில அந்த டீக்கடைக்காரர், அப்பா இந்தப் பக்கம்தான் போனார்னு சொன்னாரே. கீழ இறங்கிப் பாத்துடலாங்க."

உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் திரட்டி, இங்கே இருக்கிறேன் என்று கத்தினார். காற்றுதான் வந்தது.

"உஷ்ஷ்..."

"கீழ எதுக்கு? பாலம் இடிஞ்சு ரொம்ப நாளாச்சு. பாதையே கிடையாது. வா, மேல போய்த் தேடலாம்."

"நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

மாப்பிள்ளை பெடலில் காலை வைத்து மணியை ஒரு தட்டுத் தட்டினார்.

"மாமாவே எழுதியிருக்கார். அவர் பொய் எழுத மாட்டார்."