குலுங்காத ரோடு

ஓட்டிப் பார்க்க நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியில் அந்தப் பெண் முதலில் தன் தலைமுடியைத்தான் சரிசெய்துகொண்டாள். அவள் கணவன் சீட் உறையைத் தடவி, "கலர் நல்லா இருக்குல்ல?" என்றான்.

பழைய கார் வியாபாரிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. முன்கேட் அகலத் திறந்து கிடந்தும், அதையொட்டிய வேகத்தடைக்கு அந்தப் பக்கமே தங்கள் காரை நிறுத்திவிட்டு, இருவரும் வெயிலில் நடந்து வந்தபோதே அவர் எடைபோட்டுவிட்டார். வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தக்கூடத் தெரியாததுகள் எல்லாம் கார் வாங்க வந்துவிட்டன!

அவர் விற்க நினைத்த அந்தக் கார் மாதக்கணக்கில் அவர் தலையில் உட்கார்ந்திருந்தது. ஷாக் அப்சார்பர் நான்கும் செத்துவிட்டன. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் போதும், தெரு முடியும்வரை ஆடிக்கொண்டே போகும்.

"இதை நீங்க வித்துட்டா நான் மீசையை எடுத்துடறேண்ணே" என்று மெக்கானிக் எல்லார் முன்னாலும் சவால் விட்டிருந்தான். விற்காவிட்டால் அவருடைய மீசை போகும்.

அதற்குத்தான் பின்வாசல். அங்கே கிளம்பி, முன்கேட்டுக்கு வெளியே தெருவைத் தொட்டு, அங்கேயே திரும்பும் ஒரு சுற்று. வழியில் ஒரு வேகத்தடை கிடையாது. கடையில் அதற்கு 'நம்ம ரோடு' என்று பெயர்.

"மெத்தையில உக்காந்த மாதிரி இருக்குங்க!" என்றாள் அந்தப் பெண்.

"கம்பெனி சஸ்பென்ஷன்மா. இதுவரைக்கும் யாரும் கையே வெச்சதில்ல." அது மட்டும் உண்மை.

கணவன் தயங்கினான். "சார், எங்க வண்டியை வெச்சுக்கிட்டு இதைக் குடுப்பீங்களா? எங்களுது சின்னது. வீட்ல ஆளுங்க ஜாஸ்தி."

வெளியே நின்ற அவர்கள் கார் புதுசாகப் பளபளத்தது. வியாபாரி கஷ்டப்பட்டு முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டார். "ஓட்டிப் பாத்துதான் சொல்ல முடியும் தம்பி."

நின்ற இடத்திலிருந்தே எடுத்து ஒரு சுற்று போனார். பல வருடப் பழக்கம். திருப்பங்களில் கை தானாக வளைத்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எடுத்த இடத்திலேயே நிறுத்தி இறங்கி, ஏதோ தியாகம் செய்பவர் போல் பெருமூச்சு விட்டார். "சரி, உங்களுக்காக."

சாவிகள் கை மாறின. "பின்வாசல் வழியா போங்க, அதான் பக்கம்" என்று அவர்களை வழியனுப்பினார்.

"டேய், ரேசரை எடுத்து வை!" என்று மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினார். "என்ன ஜென்மங்கடா இது! குனிஞ்சு அடியில கூடப் பாக்கல."

கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டே போய், மாற்றி வாங்கிய காரை முன்கேட்டுக்குள் திருப்பினார். முன்சக்கரம் வேகத்தடையில் ஏறி இறங்கியது.

பாத்திரக்கடையே சரிந்த மாதிரி ஒரு சத்தம். அவர் தலை கூரையில் இடித்தது. பிரேக்கை மிதித்து நிறுத்திய பிறகும் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் மீசையைத் தடவியபடி வந்து, குனிந்து அடியில் பார்த்தான்.

"அண்ணே, இதையும் நம்ம ரோட்லதான் ஓட்டிப் பாத்தீங்களா?"