புது நாற்காலிகள்

காலையில் அம்சவேணி வேலைக்கு வந்தபோது, சட்டைகளைச் சரிபார்க்கும் நீண்ட மேஜைகளின் ஓரமாகப் புது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதுவரை அந்தப் பனியன் கம்பெனியில் பெண்கள் நின்றபடியேதான் வேலை செய்தார்கள்.

“வெளிநாட்டுல இருந்து தொழிலாளர் உரிமைக்காரங்க வர்றாங்க. கேட்டா, எப்பவும் உக்காந்துதான் பாக்கறோம்னு சொல்லோணும்” என்றார் சூப்பர்வைசர்.

அம்சவேணி உட்கார்ந்தாள். கால்களிலிருந்து வலி மெல்லத் தரையில் இறங்கியது. தையல் மெஷின்களின் இரைச்சல் தூரத்து மழைபோல் ஆனது. அந்த மழையில் நனைந்தபடி தூங்கிப்போனாள்.

விழித்தபோது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அவள் எதிரே குந்தியிருந்தாள். அருகே மொழிபெயர்ப்பாளர் நின்றார். அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர்.

“எத்தனை வருசமா இப்படி உக்காந்து வேலை செய்யறீங்கன்னு கேக்கறாங்க.”

அவள் இன்னும் முழுதாக விழித்திருக்கவில்லை.

“இன்னிக்குக் காலைல இருந்துங்க.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லாமல் சூப்பர்வைசரைப் பார்த்தார். வெள்ளைக்காரப் பெண் காத்திருந்தாள்.

பக்கத்தில் இருந்த ருக்குமணி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். நின்றபடியே அடுத்த சட்டையை விரித்தாள். பிறகு வரிசை வரிசையாக நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.