வருகைத்தாள்

பொது ஆவணங்களுக்கான அரசு ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக நியமித்துக் கடிதம் வந்தபோது, லாக்கப்பில் செத்துப்போன தம்பியின் கோப்பைக் கேட்டுப் பதினேழு வருடமாக நடையாய் நடந்த பூங்கோதை வாய்விட்டு அழுதாள். முதல் கூட்டத்துக்கு அரைமணி முன்னதாகவே போய்விட்டாள். வாசலிலேயே நீட்டிய வருகைத்தாளில் கையெழுத்துப் போட்டாள். பக்கோடாவும் டீயும் முடிந்ததும், அழிக்கவேண்டிய கோப்புகளின் பட்டியலை அலுவலர் கடகடவென்று வாசித்தார். நாற்பத்தோராவதாக வந்தது தம்பியின் கோப்பு. "சார், அதை அழிக்கக் கூடாது. நான் சம்மதிக்க மாட்டேன்," என்று எழுந்தாள். "அதான் கையெழுத்துப் போட்டுட்டீங்களேம்மா," என்றார் அவர், கோபமே இல்லாமல். "அதுக்கு மேலதான் தீர்மானத்த டைப் அடிப்போம். எப்பவும் அப்படித்தான்." தாளைத் தூக்கிக் காட்டினார். மேல்பாதி வெறுமையாக இருந்தது. கீழே இருந்தவற்றில் முதல் கையெழுத்து அவளுடையது.